மார்க்கெட்டிங், சைக்காலஜி... இரண்டையும் சேர்த்துப் படிக்கலாமா?

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் 'என்ன படிக்கலாம்?' பகுதிக்குக் கேள்விகள் குவிய ஆரம்பித்துவிடும். இன்ஜினீயரிங், நர்சிங், பி.காம் என்று வழக்கமான கேள்விகளுக்கு நடுவே ஒரு கேள்வி மட்டும் கொஞ்சம் வித்தியாசமாக வருகிறது.

"அக்கா, எனக்கு விளம்பரம் எடுக்கிற வேலை ரொம்பப் பிடிக்கும். மனுஷங்க ஏன் இப்படி நடந்துக்கிறாங்கன்னு யோசிக்கவும் பிடிக்கும். மார்க்கெட்டிங்கையும் சைக்காலஜியையும் சேர்த்து ஒரே டிகிரியா படிக்க முடியுமா?"

இது பெண்களின் கேள்வி. இதன் பின்பாதியை அம்மாக்கள் கேட்கிறார்கள். "பிடிச்சதைப் படிக்கட்டும்மா, வேணாம்னு சொல்லல. ஆனா அதைப் படிச்சுட்டு என்ன வேலைக்குப் போவா?"

இரண்டுமே நியாயமான கேள்விகள். பதில் தேட இந்த வாரம் பழனி மலைக்குப் போவோம். கொடைக்கானலை ஒட்டியிருக்கும் அட்டுவம்பட்டிக்கு. அங்கே விளைகிற பூண்டிலிருந்து ஆரம்பித்தால் விஷயம் சுலபமாகப் புரியும்.

பூண்டுக்குக் கிடைத்த அடையாளம்

அட்டுவம்பட்டி என்றால் கல்வித்துறையில் இருப்பவர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம். பெண்களுக்கென்றே தமிழக அரசு 1984-ல் தொடங்கிய பல்கலைக்கழகம் இது. திண்டுக்கல், பழனி, பெரியகுளம் பக்கத்துப் பெண்கள் கல்லூரிகள் பலவும் இதன் இணைப்பில்தான் இருக்கின்றன. வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிப் படியேறும் எத்தனையோ பெண்களின் பட்டத்தில் இருப்பது இந்த மலையின் முகவரி.

பல்கலைக்கழகத்தைச் சுற்றியிருக்கும் மலைக் கிராமங்களில் கேரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ் ஆகியவற்றோடு பூண்டும் விளைகிறது. கொடைக்கானல் மலைப்பூண்டு என்று பெயர். காரமும் வாசனையும் தூக்கலாக இருக்கும். பிள்ளை பெற்ற வீட்டில் 'மலைப்பூண்டாப் பார்த்து வாங்கிட்டு வாங்க' என்று பாட்டிகள் சொல்லி அனுப்புவது இதைத்தான். 2019-ல் இந்தப் பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கான முயற்சியில் அட்டுவம்பட்டிப் பல்கலைக்கழகத்தின் உயிரித் தொழில்நுட்பத் துறைக்கு முக்கியப் பங்கு உண்டு. மலையில் விளைந்ததை, மலையில் இருக்கும் பெண்கள் பல்கலைக்கழகமே உலகத்துக்கு அடையாளம் காட்டியது என்று சொல்லலாம்.

சரி, சான்றிதழ் வந்துவிட்டது. அடுத்து என்ன?

மதுரையிலோ திருச்சியிலோ ஒரு காய்கறிக் கடை முன்னால் நிற்கும் ஒரு அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் முன்னால் இரண்டு கூடை. ஒன்றில் சாதாரணப் பூண்டு. இன்னொன்றில் மலைப்பூண்டு, விலை கூடுதல். "இது ஒரிஜினல் மலைப்பூண்டுதானா?" என்று கேட்கிறார். கடைக்காரர் "ஆமாக்கா" என்கிறார். அந்த அம்மா எதை வைத்து நம்புவார்? கடைக்காரர் முகத்தையா, பையில் ஒட்டிய லேபிளையா, சொன்ன விலையையா?

விலையைக் குறைத்துச் சொன்னால் வாங்கிவிடுவார் என்று நாம் நினைப்போம். சில சமயம் நேர்மாறாக நடக்கும். "இவ்வளவு மலிவா கொடுக்கிறாங்கன்னா இது மலைப்பூண்டா இருக்காது" என்று நகர்ந்துவிடுவார். விலையே அங்கே ஒரு சாட்சியாகிவிடுகிறது.

யாருக்கு விற்பது, எந்த அளவில் பை போடுவது, என்ன விலை வைப்பது, எந்த ஊருக்கு அனுப்புவது... இவை மார்க்கெட்டிங் பாடம். அந்த அம்மாவுக்கு ஏன் சந்தேகம் வந்தது, எதைப் பார்த்தால் அது தீரும், ஒருமுறை ஏமாந்தவர் ஏன் அடுத்த முறை நல்ல பொருளையும் நம்ப மறுக்கிறார்... இவை சைக்காலஜி பாடம். பூண்டு விற்கவேண்டுமென்றால் இரண்டும் வேண்டும். ஒன்று மட்டும் தெரிந்தால் பாதிக் கிணறுதான்.

ஷாம்பு பாக்கெட் சொல்லும் பாடம்

இந்த இரண்டு பாடங்களும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பெரிய உதாரணம் உண்டு. 'சிக்' ஷாம்பு.

கடலூரைச் சேர்ந்த சி.கே.ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாய் முதலீட்டில் ஆரம்பித்த தொழில் அது. ஷாம்பு என்பது பாட்டிலில் வருகிற, பணக்காரர்கள் வீட்டுக் குளியலறைப் பொருள் என்றிருந்த காலம். சின்னப் பாக்கெட்டில் ஷாம்புவை அடைக்கும் யோசனை அவருடைய அப்பா சின்னிகிருஷ்ணனுடையது. 'சிக்' என்ற பெயரும் அப்பா பெயரிலிருந்து வந்ததுதான்.

பாக்கெட் மட்டும் போதவில்லை. சீயக்காயும் சோப்பும் போட்டுத் தலைக்குக் குளித்துப் பழகிய கிராமத்து மக்களுக்கு, இதைப் போட்டால் முடி என்ன ஆகுமோ என்ற பயம் இருந்தது. எனவே கிராமங்களுக்கே போய், எல்லோர் முன்னாலும் ஒரு பையனுக்குத் தலை அலசிக் காட்டினார்கள். சுற்றி நின்றவர்களை அந்த முடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். பிறகு இன்னொரு திட்டம். எந்தக் கம்பெனியின் காலி ஷாம்பு பாக்கெட்டாக இருந்தாலும் 5 கொண்டுவந்தால் ஒரு 'சிக்' பாக்கெட் இலவசம். கொஞ்ச காலம் கழித்து, 'சிக்' காலி பாக்கெட் கொண்டுவந்தால் மட்டுமே இலவசம் என்று மாற்றினார்கள்.

இதை மெதுவாகப் பிரித்துப் பாருங்கள். பாட்டில் வாங்கப் பெரிய தொகை வேண்டும். பிடிக்காவிட்டால் மொத்தமும் வீண். பாக்கெட்டில் இழப்பு பயம் சின்னதாகிவிடுகிறது. ஊரார் முன்னால் தலை அலசும்போது 'நம்மைப் போன்றவர்களும் போடலாம்' என்ற எண்ணம் வருகிறது. காலி பாக்கெட் திட்டம் முதலில் புது ஆட்களை இழுக்கிறது, அப்புறம் அதையே பழக்கமாக்குகிறது. விலை, பாக்கெட், இலவசம் எல்லாம் மார்க்கெட்டிங். பயம், நம்பிக்கை, பழக்கம் எல்லாம் மனசு. அனுபவத்தில் கற்றுக்கொண்டு செய்த வேலை இது. இதையே வகுப்பறையில் முறையாகக் கற்றுத் தருவதுதான் நாம் பேசும் கூட்டுப் படிப்பு.

பேராசிரியர்கள் கடைவீதிக்கு வந்தார்கள்

இது ஏதோ புது ட்ரெண்ட் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் வால்டர் டில் ஸ்காட் என்ற உளவியல் பேராசிரியர் 1903-லேயே விளம்பரத்தின் உளவியல் பற்றிப் புத்தகம் எழுதிவிட்டார். ஜான் பி. வாட்சன் என்ற புகழ்பெற்ற உளவியலாளர் 1920-ல் பல்கலைக்கழக வேலையிலிருந்து வெளியேறி ஒரு பெரிய விளம்பர நிறுவனத்தில் சேர்ந்தார்.

நம் நாட்டிலும் உளவியலுக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. இந்தியாவின் முதல் உளவியல் துறை 1916-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் வந்தது. மைசூர் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்த எம்.வி.கோபாலசுவாமிதான் 1935-ல் தன் வீட்டிலேயே ஒரு வானொலி நிலையம் தொடங்கி, அதற்கு 'ஆகாசவாணி' என்று பெயர் வைத்தவர். மனதைப் பற்றிப் படித்தவருக்கு, ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் காதில் விழுவது எப்படி என்ற ஆர்வமும் சேர்ந்தே இருந்திருக்கிறது.

2002-ல் பொருளாதார நோபல் பரிசு டேனியல் கானமன் என்ற உளவியலாளருக்குப் போனது. அவரும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் சேர்ந்து காட்டிய விஷயங்களில் ஒன்று நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நூறு ரூபாய் கிடைத்தால் வரும் சந்தோஷத்தைவிட, நூறு ரூபாய் தொலைந்தால் வரும் வலி அதிகம். ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பது அவர்கள் ஆய்வுகள் காட்டிய கணக்கு. 'ஆஃபர் இன்றோடு முடிகிறது' என்ற அறிவிப்பு ஏன் நம்மை உலுக்குகிறது என்று இப்போது புரிகிறதா? சேலை கிடைக்கும் என்பதைவிட, ஆஃபர் கைவிட்டுப் போகும் என்பதுதான் நம்மைக் கடைக்கு ஓட வைக்கிறது. 'பாட்டா விலை' என்று வீட்டுப் பெரியவர்கள் கிண்டல் செய்யும் 99.95 ரூபாய்க் கணக்கும் இதே குடும்பம். நூறுக்கு ஐந்து காசுதான் குறைவு. ஆனால் கண் முதலில் பார்ப்பது ஒன்பதை.

செல்போனுக்குள் 13 தந்திரங்கள்

இந்தப் படிப்பைப் பற்றிப் பேசும்போது பலரும் தவிர்க்கிற பகுதி ஒன்று உண்டு. மனசைப் படித்தவர் கையில் விற்பனை வந்தால், அது உதவியாகவும் இருக்கலாம், ஏமாற்றாகவும் இருக்கலாம்.

ஆன்லைனில் பொருள் வாங்கும்போது நடக்கும் ஏமாற்று உத்திகளைத் தடுக்க, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. 'டார்க் பேட்டர்ன்ஸ்' என்று அழைக்கப்படும் 13 வகைத் தந்திரங்களை அது பட்டியல் போட்டுத் தடை செய்கிறது. சிலவற்றைப் பாருங்கள். எல்லாமே நம் வீட்டில் நடந்திருக்கும்.

பொய் அவசரம்: 'இன்னும் 2 மட்டுமே மீதம்', '40 பேர் இதையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்' என்று உண்மையில்லாத பரபரப்பைக் கிளப்புவது.

கூடைக்குள் நுழைப்பது: நாம் கேட்காத இன்ஷூரன்ஸையோ நன்கொடையையோ பில்லில் சத்தமில்லாமல் சேர்ப்பது.

குற்றவுணர்வு ஊட்டுவது: இன்ஷூரன்ஸ் வேண்டாம் என்று சொல்ல நினைத்தால், 'நான் பாதுகாப்பில்லாமலே இருந்துகொள்கிறேன்' என்ற பொத்தானை அழுத்த வைப்பது.

சந்தா வலை: சேருவதற்கு ஒரு நொடி, விலகுவதற்கு ஒரு நாள் ஆகும்படி வைப்பது.

சொட்டுச் சொட்டாக விலை: முதலில் ஒரு விலையைக் காட்டி, பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில் மற்ற கட்டணங்களை ஏற்றுவது.

2025 ஜூனில், ஆன்லைன் விற்பனைத் தளங்கள் தங்களிடம் இப்படிப்பட்ட தந்திரங்கள் இருக்கின்றனவா என்று 3 மாதத்துக்குள் தாங்களே சோதித்துக்கொள்ள வேண்டும் என்றும் ஆணையம் அறிவுறுத்தியது. இப்படி ஏதாவது நடந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம்.

இந்தப் பதின்மூன்றையும் யார் கண்டுபிடித்தார்கள் என்று யோசியுங்கள். மனித மனம் எங்கே தடுமாறும் என்று நன்றாகத் தெரிந்தவர்கள்தான். அதைத் தடுக்கும் விதிகளை எழுதவும் அதே அறிவுதான் தேவைப்பட்டது. அதனால்தான் இரண்டையும் சேர்த்துப் படிப்பது நல்லது என்று நான் சொல்கிறேன். மார்க்கெட்டிங் மட்டும் படித்தவருக்கு விற்பனை எண்ணிக்கைதான் கண்ணில் தெரியும். சைக்காலஜியை முறையாகப் படிப்பவருக்கு, ஒருவரை ஆய்வுக்கு உட்படுத்தும் முன் அவர் சம்மதம் வாங்க வேண்டும், அவருக்குத் தீங்கு வரக்கூடாது என்பது அடிப்படைப் பாடம். அந்தப் பாடம் கடைவீதிக்கும் தேவை.

இங்கே படிக்க என்ன வழி?

பிரிட்டன் போன்ற நாடுகளில் மார்க்கெட்டிங்கும் சைக்காலஜியும் சேர்ந்த கூட்டுப் பட்டங்கள் பல பல்கலைக்கழகங்களில் உண்டு. ஒரே சேர்க்கை, ஒரே சான்றிதழ், அதில் இரண்டு பாடங்களின் பெயர். தமிழ்நாட்டின் கலை அறிவியல் கல்லூரிகளில் பெரும்பாலும் ஒரு முதன்மைப் பாடம், கூடவே துணைப்பாடங்கள் என்ற முறைதான் இருக்கிறது. எனவே இங்கே நாமே இரண்டையும் கோர்த்துக்கொள்ள வேண்டும். வழிகள் இவை.

1. முதலில் சைக்காலஜி, அப்புறம் எம்.பி.ஏ.: பி.ஏ. அல்லது பி.எஸ்ஸி. உளவியல் 3 வருடம் முடித்து, மார்க்கெட்டிங்கைச் சிறப்புப் பாடமாக எடுத்து எம்.பி.ஏ. 2 வருடம். எம்.பி.ஏ.வுக்கு எந்த இளங்கலைப் பட்டமும் போதும் என்பதால் கதவு திறந்தே இருக்கும். மொத்தம் 5 வருடம். இரண்டு பாடத்திலும் ஆழம் கிடைக்கும் வழி இது.

2. பி.பி.ஏ. அல்லது பி.காம், உள்ளே சைக்காலஜி: இந்தப் படிப்புகளில் நுகர்வோர் நடத்தை, நிறுவன நடத்தை போன்ற தாள்கள் வரும். அவை பாதி உளவியல்தான். துணைப்பாடமாகவோ விருப்பப் பாடமாகவோ உளவியல் கிடைக்கிறதா என்று கல்லூரியில் கேளுங்கள். போதாததை மத்திய அரசின் 'ஸ்வயம்' தளத்தில் படிக்கலாம். பாடம் இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம். கல்லூரி ஏற்றுக்கொண்டால், ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை 'ஸ்வயம்' மூலம் படித்து கிரெடிட் பெற யூஜிசி விதி இடம் தருகிறது.

3. ஒரே நேரத்தில் இரண்டு டிகிரி: 2022 ஏப்ரலில் யூஜிசி இதற்கு அனுமதி தந்தது. வகுப்பு நேரம் மோதாமல் இருந்தால் இரண்டையும் நேரடியாகப் படிக்கலாம். அல்லது ஒன்றை நேரடியாகவும் இன்னொன்றைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ படிக்கலாம். ஆனால் அந்தந்தப் பல்கலைக்கழகம் இதை ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும்.

இந்த மூன்றாவது வழியில்தான் பலரும் இப்போது தடுக்கி விழுகிறார்கள். 'பகலில் பி.பி.ஏ., தபால் வழியில் சைக்காலஜி' என்பது நிறைய பேரின் திட்டம். ஆனால் 2025 ஆகஸ்டில் யூஜிசி ஒரு முடிவை அறிவித்தது. சுகாதாரம் சார்ந்த படிப்புகளைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக்கூடாது, அந்தக் கல்வியாண்டிலிருந்தே புதிய சேர்க்கை இல்லை என்பதுதான் அது. அந்தப் பட்டியலில் உளவியலும் இருக்கிறது. அதாவது, உளவியலை இனி நேரடியாகக் கல்லூரிக்குப் போய்த்தான் படிக்க முடியும்.

எனவே திட்டத்தைத் திருப்பிப் போடுங்கள். நேரடிக் கல்லூரியில் உளவியல். தொலைநிலையில் பி.பி.ஏ. அல்லது பி.காம். இந்த வரிசைக்குத் தடை இல்லை. தொலைநிலைப் படிப்பைத் தேர்ந்தெடுக்கும் முன், அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அந்த வருடம், அந்தப் படிப்புக்கு அனுமதி இருக்கிறதா என்று யூஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் பாருங்கள். 'எங்களுக்கு எல்லா அனுமதியும் இருக்கு' என்று போனில் சொல்வதை மட்டும் நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

இந்தப் படிப்பு எதைத் தராது?

சைக்காலஜி படித்தால் உடனே கவுன்சலிங் சென்டர் திறக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மனநல சிகிச்சை தரும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக, முதுகலை முடித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த பயிற்சிப் படிப்பையும் முடித்து, அங்கே பதிவும் செய்ய வேண்டும். மார்க்கெட்டிங்கோடு சேர்த்துப் படித்த இளங்கலைப் பட்டம் அந்த வழியின் முதல் படிகூட ஆகலாம், ஆகாமலும் போகலாம்.

வெளிநாட்டுக் கூட்டுப் பட்டத்திலும் இதே சிக்கல் உண்டு. பிரிட்டனில் உளவியலாளராகப் பயிற்சி பெற விரும்பினால், படிக்கும் பட்டம் பிரிட்டிஷ் உளவியல் சங்கத்தின் அங்கீகாரம் பெற்றதா என்பது முக்கியம். கூட்டுப் பட்டங்களில் உளவியல் பங்கு போதுமான அளவு இருந்தால்தான் அந்த அங்கீகாரம் கிடைக்கும். கடன் வாங்கி அனுப்பும் பெற்றோர்கள், படிப்பின் பெயரை மட்டும் பார்க்காமல் இதையும் கேட்க வேண்டும்.

உங்கள் பெண்ணுக்கு மற்றவர்களின் மனவலியைக் கேட்டு உதவுவதில்தான் ஆசை என்றால், நேராக உளவியலில் போகட்டும். கூட்டத்தின் மனசைப் புரிந்துகொள்வதில் ஆசை என்றால், இந்தக் கூட்டுப் படிப்பு அவளுக்கானது. இந்த ஒரு வித்தியாசத்தை வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

'என்ன வேலைக்குப் போவா?'

அம்மாக்களின் கேள்விக்கு வருவோம்.

மக்களிடம் பேசி, அவர்கள் ஏன் ஒரு பொருளை வாங்குகிறார்கள், ஏன் விட்டுவிடுகிறார்கள் என்று கண்டுபிடிக்கும் சந்தை ஆய்வு நிறுவனங்களில் வேலை இருக்கிறது. விளம்பர நிறுவனங்களில் திட்டமிடும் பிரிவு இருக்கிறது. செல்போன் செயலியை ஒரு பாட்டிகூடத் தடுமாறாமல் பயன்படுத்த முடிகிறதா என்று சோதித்துப் பார்க்கும் யூஎக்ஸ் ரிசர்ச் என்ற வேலைக்கு இந்த இரண்டு பாடமும் சரியாகப் பொருந்தும். கம்பெனிகளின் மனிதவளப் பிரிவுக்கும் போகலாம்.

பொருள் விற்காத மார்க்கெட்டிங்கும் உண்டு. தடுப்பூசிக்குக் குழந்தையைக் கூட்டி வாருங்கள், பிளாஸ்டிக்கைத் தூக்கி எறியாதீர்கள், பெண் குழந்தையைப் படிக்க வையுங்கள் என்று மக்கள் மனதை மாற்றும் வேலை. தொண்டு நிறுவனங்களிலும் அரசுத் திட்டங்களிலும் இதற்கு ஆள் தேவை. பிளாஸ்டிக் பாட்டிலோடு மலையேறி வரும் சுற்றுலாப் பயணிகளைப் பார்த்துப் பழகிய கொடைக்கானல் பெண்ணுக்கு இது ஏட்டுப் பாடம் இல்லை, வீட்டு வாசல் பிரச்னை.

இன்னொரு வேலையும் இருக்கிறது. அதை யாரும் வேலை என்று கணக்கில் எடுப்பதில்லை. சொந்த விளைச்சலை விற்பது. மலைப்பூண்டு காலம் காலமாகப் பெரியகுளம் பக்கம் இருக்கும் வடுகபட்டிச் சந்தைக்கு மூட்டை மூட்டையாக இறங்கிப் போகிறது. அங்கே அது யார் தோட்டத்துப் பூண்டு என்று யாருக்கும் தெரியாது. படித்துவிட்டு வரும் மகள் அதே பூண்டைக் கால் கிலோ பையில் போட்டு, புவிசார் குறியீட்டை முறைப்படி பயன்படுத்தும் அனுமதி வாங்கி, ஊர் பெயரோடு ஆன்லைனில் விற்றால், அந்தப் பட்டத்துக்கு அதைவிட நல்ல பலன் என்ன இருக்க முடியும்? அப்பா, அம்மாவுக்கு மண் தெரியும். மகளுக்கு வாங்குபவர் மனம் தெரியும்.

பணம் கட்டும் முன்...

இந்தக் கூட்டுப் படிப்பின் முதல் பரீட்சை, அட்மிஷன் நேரத்திலேயே வந்துவிடும். 'கடைசி 3 சீட்தான் இருக்கு. இன்னிக்குக் கட்டினால் 20 சதவீதம் ஃபீஸ் குறைவு' என்று போன் வரும். மேலே படித்த 'பொய் அவசரம்' நினைவிருக்கிறதா? அந்த இடத்தில் பதற்றப்படாமல் சில கேள்விகளைக் கேளுங்கள்.

சான்றிதழில் என்ன பெயர் வரும்? 'மார்க்கெட்டிங் மற்றும் சைக்காலஜி' என்று நோட்டீஸில் போட்டுவிட்டு, பட்டத்தில் வெறும் பி.பி.ஏ. என்று இருக்கலாம். அதில் தப்பில்லை. ஆனால் முன்னாலேயே தெரிய வேண்டும்.

உளவியல் எத்தனை தாள்? மூன்று வருடப் பாடத்திட்டத்தை வாங்கி, உளவியல் தாள்களை விரல் விட்டு எண்ணுங்கள். இரண்டு தாள்தான் என்றால் அது கூட்டுப் படிப்பு இல்லை, கொசுறு.

உளவியல் ஆய்வகம் இருக்கிறதா? புள்ளியியல் பாடம் உண்டா? இந்த இரண்டும் இல்லாமல் சைக்காலஜி என்பது பொன்மொழிகளாகச் சுருங்கிவிடும். கணக்கு என்றால் பயந்து சைக்காலஜிக்கு வரும் தங்கைகளே, புள்ளியியல் உங்களை அங்கேயும் வரவேற்கக் காத்திருக்கிறது. மார்க்கெட்டிங்கிலும்தான். இப்போதே சிநேகமாகிவிடுங்கள்.

விலகினால் என்ன ஆகும்? அசல் சான்றிதழ்களைக் கல்லூரி வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது, விலகும் நாளைப் பொறுத்துக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று யூஜிசி 2018-லேயே சொல்லியிருக்கிறது. ஜெராக்ஸ் கொடுங்கள். அசலைக் காட்டிவிட்டுக் கையோடு கொண்டுவந்துவிடுங்கள்.

உதவித்தொகை உண்டா? அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலிருந்து நடக்கிறது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் பின்னர் இது விரிவாக்கப்பட்டது. கல்லூரியில் சேர்ந்ததும் இதைப் பற்றி விசாரியுங்கள். மாதம் ஆயிரம் என்பது பஸ் செலவுக்கும் புத்தகத்துக்கும் பெரிய கை.

இந்தக் கேள்விகளைக் கேட்க அப்பா, அம்மா மட்டும் போக வேண்டாம். படிக்கப் போகிற பெண்ணையும் கூட்டிப் போங்கள். அவளே கேட்கட்டும். எதிரில் இருப்பவர் என்ன சொல்கிறார், எதைச் சொல்லாமல் தாண்டிப் போகிறார், எந்த இடத்தில் அவசரப்படுத்துகிறார் என்று கவனிக்கட்டும். அதைக் கவனிக்கத் தெரிந்துவிட்டால், மார்க்கெட்டிங்கும் சைக்காலஜியும் அவளுக்கு வரும் என்று தைரியமாகச் சேர்த்துவிடலாம்.